விரல் எட்டும் தூரம்

மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஏழு வயதுப் பிள்ளைக்குக் கிட்டார் வாங்கித் தருவது இன்று சர்வசாதாரணம். அரை சைஸ் போதுமா முக்கால் சைஸ் வேண்டுமா, நைலான் தந்தியா ஸ்டீல் தந்தியா, முதலில் யூகலேலே வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா என்று பெற்றோர் கடைக்காரரைக் குடைகிறார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதே தெருக்களில் இந்தக் கேள்விகள் எழுந்திருக்க வாய்ப்பு குறைவு. பிள்ளை பாட்டு கற்றுக்கொள்ளும். கொஞ்சம் வளர்ந்தால் வீணையோ வயலினோ மிருதங்கமோ தொடும். கிட்டார் என்பது கல்லூரிக்குப் போகிற அண்ணன்மார் சமாச்சாரம். ஏன் அப்படி என்று கேட்டால் பலரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும்: மயிலாப்பூர் ஆசாரமான இடம், மேல்நாட்டு வாத்தியத்தை வீட்டுக்குள் விடாது. சொல்லவும் கேட்கவும் சுலபமான பதில்தான். ஆனால் இந்த ஊரின் வாத்திய வரலாற்றைக் கொஞ்சம் கிளறினாலே அது நிற்காது. கிட்டாரைக் குழந்தையின் கைக்கு வரவிடாமல் வைத்திருந்ததில் ஆசாரத்தைவிட அளவுநாடாவின் பங்கு பெரிது என்பது என் கட்சி.

மேல்நாட்டு வாத்தியம் என்பதால் வாசலில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டுமென்றால், முதலில் நின்றிருக்க வேண்டியது வயலின். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் கோட்டை பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்ததைக் கேட்டு, மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். அடுத்த தலைமுறையில் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அதில் பேர் வாங்கினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தது 1834இல். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்க்கக்கூட முடியாது என்றாகிவிட்டது. மவுண்ட் ரோட்டில் மிஸ்க்வித் என்பவர் 1842இல் தொடங்கிய, பின்னாளில் மியூசி மியூசிகல் என்று பெயர் பெற்ற கடை பியானோவும் ஆர்கனும் விற்றுக்கொண்டிருந்தது. மயிலைக் குளத்திலிருந்து குதிரை வண்டியில் போய்விடும் தூரம். ஹார்மோனியத்தின் கதை இன்னும் வேடிக்கை. அதில் கமகம் வராது, சுருதி ஒத்துப்போகாது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்தது. தடை தளர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் வீட்டில் பாட்டு வாத்தியார் அதே ஹார்மோனியக் கட்டையை அழுத்தித்தான் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தார். வானொலி வேண்டாம் என்றதையே வீடு வைத்துக்கொண்டது. ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட், கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதுவும் உள்ளூர்ச் சரக்கு இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதுதான். மேல்நாட்டுத்தனம் தடையில்லை, சாதியும் சமயமும்தான் தடை என்பார்கள். சென்னையில் கிட்டார் முதலில் ஒலித்த இடங்கள் ஆங்கிலோ இந்தியர்கள் வாழ்ந்த பெரம்பூரும் வேப்பேரியும் பரங்கிமலையும், பிறகு தேவாலயப் பாட்டுக் குழுக்கள், பிறகு கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்கள். அங்கெல்லாம் வாசித்தவர்களில் கிறிஸ்தவர்கள் கணிசம். மயிலாப்பூர் வைதிகக் குடும்பம் அந்தக் கைகளிலிருந்து தன் பிள்ளைக்கு வாத்தியம் வாங்கிக்கொள்ளக் கூசியது என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. கூச்சம் இருந்தது, அதை மறைப்பதில் எனக்கு அக்கறையும் இல்லை. ஆனால் தேவைப்பட்டபோது அந்தக் கூச்சத்தை இதே குடும்பங்கள் எப்படிச் சமாளித்தன என்பதற்கு மிருதங்கம் சாட்சி. மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் வைத்துக் கட்டிய அந்த வாத்தியத்தைச் செய்து கொடுத்தவர்களில் பெரும்பங்கு தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள், டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ அவர்களைப் பற்றியதுதான். செய்தவரைத் தள்ளி வைத்துவிட்டு அவர் செய்ததைப் பூஜை அறையில் வைத்துக்கொள்ளத் தெரிந்த சமூகத்துக்குக் கிட்டாரையும் அப்படி எடுத்துக்கொள்வது பெரிய காரியமாக இருந்திருக்காது. கூச்சம் கதவைப் பாதி சாத்தியிருந்தது என்று சொல்லலாம். முழுக்க அடைத்தது வேறொன்று.

அந்த வேறொன்றை அளந்தே காட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸ் என்ற கைவினைஞர் நிலைநிறுத்திய கிட்டாரில், கழுத்தின் உச்சியிலிருந்து பாலம் வரை அதிரும் தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டர். இன்றுவரை முழு அளவு கிளாசிக்கல் கிட்டாருக்கு அதுவே கணக்கு. ஸ்டீல் தந்தி கிட்டாரும் அதை ஒட்டித்தான் இருக்கும். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரிக்கும் கணக்குப்படி ஃப்ரெட்டுகள் பதிக்கப்படுவதால், தந்தி நீளம் தெரிந்தால் விரல் எவ்வளவு விரிய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 65 சென்டிமீட்டர் தந்தியில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை 9.8 சென்டிமீட்டர். ஆள்காட்டி விரல் ஒன்றில் நிற்க, சுண்டு விரல் மற்றதில் நிற்க வேண்டும். பெரியவர் கைக்கே முதல் மாதத்தில் இது கொஞ்சம் வலிக்கும். ஏழு வயதுப் பிள்ளை அப்படி விரித்தால் மணிக்கட்டு மடங்கி, கட்டை விரல் கழுத்தின் பின்பக்கத்தை விட்டு நழுவி, உள்ளங்கை கீழ்த் தந்தியில் போய் ஒட்டும். தந்தி ‘டப்’ என்று செத்த ஓசை தரும். பிள்ளைக்குக் காது இல்லை என்று வாத்தியார் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான் நடக்கும்; குறை காதில் இல்லை.

இப்போது இதே கணக்கை இங்கே வேர்விட்ட மேல்நாட்டுத் தந்தி வாத்தியங்களில் போட்டுப் பார்க்கலாம். முழு அளவு வயலினின் தந்தி நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். மாண்டலினுக்குச் சுமார் 35. கிட்டாரில் ஏறக்குறைய பாதிதான். மாண்டலினில் முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காம் ஃப்ரெட்டுக்கும் இடையே ஐந்தேகால் சென்டிமீட்டர். ஃப்ரெட்டே இல்லாத வயலினில் அதே ஸ்வர இடைவெளி ஐந்து சென்டிமீட்டர். கட்டியான ஒரு பெரிய தீப்பெட்டியின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக் கைக்கும் அது வசப்படும். அதோடு வயலினை நம்மவர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைப்பகுதியை வலக்கால் பாதத்தில் ஊன்றி, அடிப்பகுதியை மார்போடு அணைத்துப் பிடித்தார்கள். வாத்தியத்தின் பாரம் காலுக்குப் போய்விட்டது. இடக்கை தாங்க வேண்டியதில்லை, நகர்ந்தால் போதும். கமகத்துக்காகக் கண்டுபிடித்த உட்காரும் முறை என்று இதைச் சொல்வது வழக்கம். அது குழந்தைக்கும் உதவியது என்பதை யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. மேற்கில் வயலினையே கால், அரை, முக்கால் என்று சின்னதாகச் செய்தார்கள். ஜப்பானில் சுசுகி ஷினிச்சி (1898–1998) சின்னஞ்சிறு வயலின்களை வைத்தே மூன்று, நான்கு வயதில் தொடங்கும் பாடமுறை ஒன்றை உருவாக்கினார். அவருடைய தந்தை நகோயாவில் வயலின் தொழிற்சாலை நடத்தியவர் என்பது அதற்கு வசதியாகப் போயிற்று.

வீணையைக் கொண்டு இந்த வாதத்தை மடக்கலாம் என்று தோன்றும். வீணையின் தந்தி 80 சென்டிமீட்டருக்கும் மேல். பலாமரத்தில் குடைந்த தஞ்சாவூர் வீணை நான்கடி நீளம். கிட்டாரைவிடப் பெரியது, கனமானது. அது மட்டும் எப்படி மயிலாப்பூர் வீடுகளில் பெண் பிள்ளைகளின் வாத்தியமாயிற்று? இரண்டு காரணங்கள். வீணையில் நான்கு விரலையும் விரித்து வைக்கும் வேலை கிடையாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து மெட்டுக்கு மெட்டு தாவும், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கும். ஆகவே அங்கே பிரச்சினை விரலின் விரிவு இல்லை, கையின் எட்டும் தூரமும் மடியின் அகலமும். இரண்டாவது, வீணையை ஏழு வயதில் தொடங்குவது வழக்கமாகவும் இல்லை. முதலில் பாட்டு. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று வாயால் சில வருஷம் பாடிய பிறகு, பத்து பன்னிரண்டு வயதில் வீணை மடிக்கு வரும். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நான்கு கீர்த்தனை வாசிக்கும் அளவுக்கு வந்தால் பல வீடுகளில் போதுமென்று விட்டுவிடுவார்கள். வாய்ப்பாட்டு முதலில் என்பது நம் சங்கீதத்தின் அடிப்படைக் கொள்கை என்று வித்துவான்கள் சொல்வார்கள். ஞானம் குரலில் ஏறினால்தான் விரலில் இறங்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கொள்கையும் வீணையின் அளவும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது தற்செயல் என்று நம்ப மனம் வரவில்லை. குழந்தைக்குப் பொருந்தாத வாத்தியங்களை வைத்துக்கொண்டிருந்த மரபு, குழந்தைக்கு வாத்தியமே வேண்டாம், வாய் போதும் என்று முடிவு செய்தது. அது நல்ல முடிவாகவும் அமைந்துவிட்டது.

பால மேதைகளின் கதையும் இதையே சொல்கிறது. அளவு ஒரு பொருட்டே அல்ல, திறமை இருந்தால் எந்த வாத்தியமும் வசப்படும் என்று வாதிடுகிறவர்கள் அவர்களைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். அழைக்கட்டும். டி.ஆர். மகாலிங்கம், எல்லோரும் மாலி என்று கூப்பிட்டவர், ஏழு வயதில் முதல் கச்சேரி செய்தது 1933இல் மயிலாப்பூர் தியாகராஜர் உற்சவத்தில். அவர் கையில் இருந்தது புல்லாங்குழல்: மூங்கில் துண்டு, சுருதி உயர உயர நீளம் குறைந்துகொண்டே வரும் வாத்தியம், குழந்தைக்கு ஏற்ற குழல் என்று தேடி எடுத்துவிடலாம். எஸ். பாலசந்தர் பின்னாளில் வீணையில் அசகாய சூரர். ஆனால் சிறுவனாக 1934இல் ‘சீதா கல்யாணம்’ படத்தில் அவர் தட்டியது கஞ்சிரா. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த வாத்தியத்திலிருந்து வீணைக்கு அவர் வந்தது வளர்ந்த பிறகு. பாலகொல்லுவில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீனிவாஸ் ஆறு வயதில் எடுத்தது அப்பாவின் மாண்டலினை. கிட்டாரும் மாண்டலினும் தெலுங்கு, தமிழ்ப் பட இசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவைதான். 1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி, 1981இல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடை. சபாக்காரர்கள் முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், பையன் வாசித்ததும் வாயடைத்துப் போனார்கள். ஆறு வயதில் அவர் கையில் 65 சென்டிமீட்டர் தந்தி கிடைத்திருந்தால் அப்படி ஓடி விளையாடியிருக்க முடியுமா? சித்திரவீணை ஒன்று மட்டும் பெரிய வாத்தியமாக இருந்தும் சிறுவர்களுக்குக் கைகூடியிருக்கிறது. அதில் மெட்டே கிடையாது, கட்டையைத் தந்தியின்மேல் வழுக்கினால் போதும், விரல் விரிய வேண்டிய அவசியமே இல்லை. விதிவிலக்கு என்று காட்டப்படுவது இங்கே விதியைத்தான் காட்டுகிறது.

கிட்டாரும் கர்நாடக இசைக்குள் வந்தது. வந்த விதம் கவனிக்கத்தக்கது. 1980களில் சுகுமார் பிரசாத் மின்கிட்டாரில் கச்சேரி செய்தார். அவருக்குப் பின் ஆர். பிரசன்னா, சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர், அதைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுபோனார். ஆனால் தென்சென்னையில் பொதுவாகக் கிட்டார் வாழ்ந்தது விடலைப் பருவத்தில். அடையாறை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் மாணவர் விடுதிகளும், ‘மார்டி கிரா’ என்ற பெயரில் நடந்து 1996இல் ‘சாரங்’ ஆக மாறிய கல்லூரி விழாவும் அதன் இயல்பான இருப்பிடங்கள். மயிலாப்பூர் லஸ் பக்கம் லாட்ஜ் அறை ஒன்றில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக் கொடுத்தார். 1960களின் இறுதியில் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த ராசையா, பின்னால் இளையராஜா, அவரிடம் கற்றபோது வயது இருபத்தைந்தை ஒட்டி. கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வும் எழுதினார். கச்சேரி சபாக்களுக்கு நடந்து போகும் தூரத்தில் பாஹின் இசைக்கும் கிட்டாருக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்கிறது, ஆனால் அது பெரிய பையன்களின் பள்ளிக்கூடம். 1982இல் ‘இளைய நிலா’ பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டுத் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ இளைஞர்கள் கிட்டார் பைத்தியமானார்கள். குழந்தைகளும் கேட்டிருப்பார்கள். அவர்கள் கைக்கு ஏற்றது கடையில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை வணிகத்தில் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வாத்தியங்களை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டியிருந்தது; நுகர்பொருள்களுக்கான அளவுக் கட்டுப்பாடுகள் முழுக்க விலக்கப்பட்டது 2001 ஏப்ரலில்தான். அந்த இடைவெளியில் சென்னைக் கடைகளில் தொங்கியவை பெரும்பாலும் கொல்கத்தாவில் செய்த கிட்டார்கள். கிப்டோன் என்றும் கிவ்சன் என்றும் பெயர் தாங்கியவை. விலை குறைவு, உழைப்பு அதிகம், முழு சைஸ், ஸ்டீல் தந்தி. ஸ்டீல் தந்திகளின் மொத்த இழுவிசை நைலானைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கழுத்து சற்றே வளைந்து தந்தி உயர்ந்துவிட்டால் விரல் நுனியில் கோடு விழும் அளவுக்கு அழுத்த வேண்டும். நைலான் தந்தியே உலகத்துக்குப் புதியது: இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பெல்லாம் அறுவைச் சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் இழையில் தந்தி செய்து, கிட்டார் மேதை ஆந்த்ரே செகோவியா அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் பரவியது. நம் ஊரில் நைலான் தந்தி கிட்டார் அபூர்வம். அதிலும் அரை சைஸ் கேட்டால் பொம்மைக் கடைக்கு வழி சொல்லியிருப்பார்கள்.

இந்தக் கதையில் அடையாறுக்கு ஒரு வினோதமான இடம் உண்டு. தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அங்கே வந்து இறங்கினார். ஆல்காட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த ஏறக்குறைய முந்நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். பொருள்கள் குழந்தையின் உயரத்துக்கும் கைக்கும் ஏற்ற அளவில் இருக்க வேண்டும், நாற்காலியிலிருந்து தண்ணீர்க் குவளை வரை, என்பது அவர் சொன்னவற்றில் எளிதில் புரிந்தது. இசைக்கும் அவர் முறையில் தனியாக மணிகள் உண்டு. அதே வளாகத்தில், மூன்று வருஷம் முன்பு, 1936இல், ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா இருந்தது. குழந்தைக்கான நாற்காலியும் பெரியவர்களுக்கான வீணையும் ஒரே தோப்பின் நிழலில். நாற்காலி குட்டையாயிற்று, ஊரெங்கும் மாண்டிசோரிப் பள்ளிகளுக்குப் போயிற்று. வீணை நான்கடியிலேயே நின்றது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கலாக்ஷேத்ராவின் கவலை அன்று வேறு: அழிந்துபோகும் என்று அஞ்சியதைக் காப்பது. காப்பாற்றுகிறவர்கள் அளவைக் குறைக்க மாட்டார்கள்.

நிலைமை மாறியது 1990களில் தொடங்கி. ‘ரோஜா’ படம் வந்தது 1992இல். அதற்குப் பிறகு ஒலிப்பதிவில் கணினியும் சிந்தசைஸரும் ஏறி உட்கார, முப்பது நாற்பது பேர் சேர்ந்து வாசிக்கும் அமர்வுகள் குறைந்தன. கைநிறைய வேலை பார்த்த ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள் பலருக்கு வகுப்பெடுப்பதும் பிழைப்பாயிற்று. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த சித்தப்பாக்கள் பெட்டியில் கொண்டுவந்த குட்டிக் காசியோ கீபோர்டு, விரலுக்கு ஏற்ற சின்னக் கட்டைகளோடு, தி. நகர், மேற்கு மாம்பலம் வீடுகளில் குழந்தைக்கென்றே வாங்கிய முதல் வாத்தியமாக நுழைந்திருந்தது. ஹார்மோனியத்துக்குப் பழகிய வீட்டுக்கு அது அந்நியமாகவும் இல்லை. டிரினிட்டி தேர்வின் கிரேடுகள், சான்றிதழோடு சேர்ந்து, மதிப்பெண் பாஷை பேசும் பெற்றோருக்கு ஒரு பிடிமானம் கொடுத்தன. 2001க்குப் பிறகு சீனாவிலிருந்து கால், அரை, முக்கால் சைஸ் கிட்டார்கள் சில ஆயிரம் ரூபாய்க்கு வந்து குவிந்தன. சுவர் நிறைய அளவுவாரியாகத் தொங்கும் கிட்டார்களைப் பார்த்த பிறகே குழந்தைக்கு எந்த சைஸ் என்ற கேள்வி சென்னைக் கடைகளில் பிறக்க முடிந்தது. ஆசாரம் தளர்ந்ததால் கிட்டார் வந்தது என்பார்கள். மயிலாப்பூர் வீடுகளில் மற்ற ஆசாரங்கள் எவ்வளவு தளர்ந்தன என்று பார்த்தால் அது அவ்வளவு பொருந்தவில்லை. காலையில் ஸ்லோக வகுப்பு, மாலையில் கிட்டார் வகுப்பு என்று ஒரே பிள்ளை போய்வருகிறது.

இவ்வளவும் சரியென்றால், இன்று முதல் கிட்டார் வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் வரலாற்றிலிருந்தே வந்துவிடும். சென்னையில் ஒரு பழைய பழக்கம் உண்டு: சட்டையோ செருப்போ, வளர்கிற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிதாகவே வாங்குவது. பணத்தைப் பார்த்தால் நியாயமான பழக்கம். ஆனால் பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடலாம், பெரிய கிட்டாரில் விரல் ஓடாது. அரை சைஸின் தந்தி நீளம் சுமார் 53 சென்டிமீட்டர், முக்கால் சைஸுக்கு 58. ஒன்றிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை முறையே எட்டும், எட்டே முக்காலும். 9.8 எங்கே, எட்டு எங்கே என்று தள்ளிவிட வேண்டாம். ஒன்றே முக்கால் சென்டிமீட்டரில்தான் ஏழு வயதுச் சுண்டு விரலின் தலையெழுத்து இருக்கிறது. நைலான் தந்திக்கு இன்னொரு உள்ளூர் நியாயமும் உண்டு: பெசன்ட் நகர் உப்புக் காற்றில் ஸ்டீல் தந்தி சீக்கிரமே துருப்பிடித்துச் சொரசொரக்கும். நைலான் தந்திக் கிட்டாரின் கழுத்து அகலமாயிருக்கிறதே என்று குறைப்படுவார்கள். உண்மைதான், கிளாசிக்கல் கழுத்து ஸ்டீல் தந்திக் கழுத்தைவிட அகலம். சின்ன சைஸில் அந்த அகலமும் குறைந்துவிடும்.

யூகலேலே வாத்தியமே அல்ல, விளையாட்டுச் சாமான் என்று முகம் திருப்புகிற கிட்டார் வாத்தியார்கள் இருக்கிறார்கள். நான்கு தந்தியில் பழகிய பிள்ளை ஆறு தந்திக்கு வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பாதி சரி. ஆனால் 1879இல் ஹவாய்த் தீவுக்குப் போன போர்த்துகீசியத் தொழிலாளர்கள் கொண்டுபோன சின்னக் கிட்டார்களிலிருந்து பிறந்த அந்த வாத்தியத்தின் தந்தி நீளம், சோப்ரானோ வகையில், சுமார் 34, 35 சென்டிமீட்டர். ஸ்ரீனிவாஸ் கையில் இருந்த மாண்டலினின் நீளம். பாலுசுவாமி தீட்சிதர் எடுத்து வந்த வயலினைவிடக் கொஞ்சம் கூட. இருநூறு வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளின் விரல் எந்த நீளத்தைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறதோ, அதே நீளத்தில்தான் யூகலேலேயும் நிற்கிறது. விளையாட்டுச் சாமான் என்று சொல்கிறவர்கள் மாண்டலினைப் பற்றி 1981இல் என்ன சொல்லப்பட்டது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

சென்னையை அடுத்த யமஹா ஆலையில் 2019 முதல் கீபோர்டுகளோடு அக்கூஸ்டிக் கிட்டார்களும் உற்பத்தியாகின்றன. மவுண்ட் ரோட்டுக் கடையில் கப்பலுக்குக் காத்திருந்த காலம் போயிற்று. மாறாமல் இருப்பது வீணையின் பக்கம். அமெரிக்கா போய்வரும் கலைஞர்களுக்காக, விமானத்தில் ஏற்ற வசதியாகத் தண்டியைக் கழற்றி மாட்டும் வீணையைச் செய்துவிட்டார்கள். பெங்களூரில் ராடெல் நிறுவனம் மின்னணு வீணையே செய்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடும் வந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் மடிக்கென்று ஓர் அளவு மட்டும் இன்னும் வழக்கில் நிலைக்கவில்லை. கேட்டால் சிறியதாகச் செய்து தருகிற ஆசாரிகள் இருக்கிறார்கள், கேட்கிறவர்கள்தான் குறைவு. விமான நிறுவனம் பெட்டிக்கு அளவு சொன்னது, ஆசாரி கேட்டார். அரை சைஸ் என்று கிட்டார் கடையில் கூசாமல் கேட்கிற அதே அப்பா அம்மாவுக்கு, வீணை செய்கிறவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லலாம் என்று இன்னும் தோன்றவில்லை.